ஏழாம் நம்பர் புஷ்ஷும் புலியின் நகமும்

ஆமா, ஏழுன்னா எந்தக் கடையில வாங்கினாலும் ஏழுதான். ஒரு காட்டில் ஒரு கீரியும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

கீரிக்குப் பேனா கடையுற தொழில். கிட்டுன்னு ஒண்ணு கவர்ல வரும். மூடி, முனை, கிளிப்புன்னு உலோகச் சாமான் எல்லாம் உள்ள இருக்கும். மரம் மட்டும் நம்ம பொறுப்பு. மரத்துண்டுக்கு ரெண்டு பக்கமும் புஷ்ஷுன்னு ஒரு இரும்பு வளையத்தை மாட்டி லேத்துல சுழல விட்டு உளியால சீவணும். மரம் குறைஞ்சு குறைஞ்சு வளையத்தோட மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திடணும். அப்பத்தான் கிட்டோட சேர்க்கும்போது மரமும் உலோகமும் ஒரே வழவழப்பா ஓடும். வித்தை அவ்வளவுதான்.

கீரியோடது நாரை கம்பெனி புஷ்ஷு, ஏழாம் நம்பர். வாங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு நாள்கூட அதுமேல உப்புத்தாள் பட விட்டதில்ல. மரத்துக்குத் தாள் போடுற நேரம் வந்தா புஷ்ஷைக் கழட்டி, எண்ணெய் தடவி, துணியில சுத்தி வச்சிடும். காலையில எந்திரிச்சதும் வெர்னியர் அளவுகோலை எடுத்து அதை அளக்கும். அளவு சரியா இருந்தாத்தான் பல்லே விளக்கும்.

பக்கத்துப் பட்டறை கரடியோடது. அதே கடை, அதே நாள், அதே ஏழாம் நம்பர். ஆனா கரடி உப்புத்தாளைப் பிடிச்சா மரம், புஷ்ஷு, தன் முழங்கை முடி, எல்லாத்தையும் சேத்துத் தேய்க்கும்.

"அண்ணே, புஷ்ஷைத் தேய்க்காதீங்கண்ணே. அளவு போயிரும்."

"போனாப் போவுதுடா தம்பி. எங்க போவப் போவுது, இங்கதான் எங்கயாவது கிடக்கும்."

இப்படி இருக்கையில புலிக்கு ஒரு சிக்கல். 'நான் உயிரோட இருக்கேன்'னு வருஷா வருஷம் மேலிடத்துக்கு ஒரு பாரம் பூர்த்தி பண்ணி அனுப்பணும், மூணு காப்பி. போன வருஷம் பாதத்தைப் பதிச்சு அனுப்புச்சு. 'யார் பாதம்னு தெளிவா இல்லை'ன்னு திரும்பி வந்துருச்சு. அன்னையிலிருந்து கணக்குப்படி புலி செத்துப் போச்சு. செத்த பிறகும் மானைத் துரத்துறது அதுக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு.

"இந்தத் தடவை கையெழுத்துத்தான்"னு சொல்லி, கொக்கு கம்பெனியில ரெண்டு தங்கமுலாம் கிட்டு வாங்கி, கீரிக்கு ஒண்ணு, கரடிக்கு ஒண்ணு குடுத்துச்சு.

"நகத்தால தடவிப் பார்ப்பேன். மரமும் தங்கமும் சேர்ற இடத்துல நகம் தட்டக் கூடாது. தட்டாத பேனா எதுவோ, செஞ்சவங்க பேரு 'சாப்பிடக் கூடாதவங்க' பட்டியல்ல ஏறும். ஒரு இடம்தான் காலி."

கீரிக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஓடையில குனிஞ்ச தலை நிமிராம, பின்னாடி திரும்பிப் பார்க்காம, வயிறு நிறையத் தண்ணி குடிக்கணும்னு அதுக்கு ரொம்ப நாள் ஆசை.

கிட்டு கவர்ல 'ஏழாம் நம்பர் புஷ்'னு போட்டிருந்துச்சு. இருந்தாலும் கீரி கொக்கு கம்பெனிக்குப் போன் போட்டுச்சு.

"என்கிட்ட நாரை ஏழு இருக்குங்க. உங்க கிட்டுக்குப் பொருந்துமா?"

"நாங்களும் ஏழு, அவங்களும் ஏழு. இதுல பொருந்த என்ன சார் இருக்கு?"

நாரை கம்பெனிக்கும் போட்டுச்சு.

"எங்க ஏழு சுத்தமான ஏழு சார். அவங்க ஏழைப் பத்தி எங்களால பேச முடியாது."

கீரி இதை ரெண்டு சம்மதம்னு எடுத்துக்கிச்சு. புஷ்ஷை மூணு தடவை அளந்துச்சு. கிட்டை ஒரு தடவை அளந்து பார்ப்போம்னு கடைசி வரைக்கும் தோணவே இல்ல. ஏழைப் போய் யாராவது சந்தேகப்படுவாங்களா?

மறுநாள் புலி, கீரியோட கருங்காலிப் பேனாவை வாங்கி நகத்தை மெல்ல ஓட்டுச்சு.

டக்.

காட்டுக்கே கேட்டுச்சு. மரம் ஒரு மயிரிழை மேல நின்னுச்சு.

அடுத்தது கரடி பேனா. நகம் வழுக்கிக்கிட்டுப் போச்சு. புலி திருப்பி ஓட்டுச்சு. மறுபடி வழுக்குச்சு. மூணாவது தடவை கண்ணை மூடிக்கிச்சு. நாலாவது தடவை பூனை மாதிரி கர்ர்ருன்னு ஒரு சத்தம் போட்டுட்டு, யாராவது பார்த்தாங்களான்னு சுத்திப் பார்த்துச்சு. கரடி பேரு பட்டியல்ல ஏறிருச்சு.

கீரி ஓடிப்போய்க் கரடியோட புஷ்ஷைப் பிடுங்கி அளந்துச்சு, கிட்டையும் அளந்துச்சு. கொக்கு ஏழு நாரை ஏழை விட ஒரு மயிரிழை சின்னது. கரடியோட புஷ்ஷு பதினோரு வருஷம் தேஞ்சு தேஞ்சு, அச்சு அசலா கொக்கு கம்பெனி கிட்டோட அளவுக்கு வந்து நின்னுச்சு.

"எப்படிண்ணே?"

"என்னடா எப்படி? தேய்ச்சேன்."

சொல்லிட்டுக் கரடி ஓடையில போய் மல்லாக்கப் படுத்துத் தண்ணி குடிச்சுச்சு.

கீரி நேரா பட்டறைக்கு வந்துச்சு. எண்ணெய்த் துணியைப் பிரிச்சுச்சு. லேத்தைப் போட்டு, உப்புத்தாளை எடுத்துப் புஷ்ஷு மேலயே வச்சு அழுத்துச்சு. அப்புறம் சிரிப்பு வந்துச்சு. நாலு தாள் கிழிஞ்சுச்சு, பொறி பறந்துச்சு, வால் முடி கருகுச்சு, கீரி பாட்டுக்கு ஆடிக்கிட்டே தேய்ச்சுச்சு. பதினோரு வருஷமா இப்படி ஒரு சுகத்தைத் துணியில சுத்தி வச்சிருந்தோமேன்னு ஆச்சு. சாயங்காலம் அளந்தா, கொக்கு அளவு. மயிரிழை பிசகல.

"கீரீ!" வெளியில புலி.

"ஐயா!"

"வீட்டம்மாவுக்கும் ஒரு பேனா வேணுமாம். அவ பட்டியல்லயும் ஒரு இடம் காலியா இருக்கு."

"இப்பவே கடைஞ்சிடலாங்கய்யா! கொக்கு கிட்டுதானுங்களே?"

"இல்ல, இது நாரை கிட்டு. கரடியைக் கேட்டேன், அதோட புஷ்ஷு இதுக்கு ஆகாதாம். தேயாத ஏழு இந்தக் காட்டுலயே உன்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு ரொம்பப் பெருமையாச் சொல்லுச்சு. எடுத்துக்கிட்டு வா. அவ பசியோட இருக்கா."

கீரி புஷ்ஷைப் பார்த்துச்சு. சூடு இன்னும் ஆறல. அதைப் பழையபடி எண்ணெய் தடவி, துணியில சுத்தி, "இதோ வர்றேங்கய்யா"ன்னு பின்னாடியே போச்சு.

நீதி: சோம்பேறியா இருக்கணும்னா முதல் நாள்ல இருந்தே இருக்கணும். பாதியில ஆரம்பிச்சா புலி கூப்பிடும்.