பயில்வான் அண்ணையிடம் தோற்றவர் எவருமில்லை

மொன்ட்ரியாலைச் சுற்றி, மேற்கே ஒன்டாரியோ தொட்டுக் கிழக்கே கடல் முட்டும் வரை, பயில்வான் அண்ணையிடம் தோற்ற மனிதர் ஒருவர்கூட இல்லை. நானே சாட்சி. பதினோரு வருஷம் அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு ஊரூராகத் திரிந்தவன் நான். ஐஸ் ஹொக்கி அரங்குகள், நகரசபை மண்டபங்கள், பள்ளிக்கூட ஜிம்கள், எங்கே போனாலும் அவர் விழுந்தார், மற்றவர்கள் வென்றார்கள். ஒருநாள் எதிராளி வரவில்லை. அன்றைக்கு நடுவரிடம் தோற்றுவிட்டு வந்தார்.

மேடை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பதை முதலே பேசி முடித்துவிடுவார்கள். பயில்வான் அண்ணை தோற்பதற்கென்றே அழைக்கப்படுபவர். அதில் அவருக்கு ஒரு துளி வெட்கமும் கிடையாது.

"வெல்லுறதுக்கு ஆரும் வருவாங்கள் தம்பி. வடிவாத் தோக்கத்தான் ஆளில்லை. அதாலதான் என்னை எல்லாக் கொம்பனியும் கூப்பிடுறாங்கள்."

கிழமை நாட்களில் அவருக்கு லாசாலில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்ததும் பழுதான மெத்தைகளின் மேல் நின்று, முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று விழுந்து பழகுவார். செயின்ட்-மிஷேலில் அவர் குடியிருந்த வீட்டிற்குக் கீழ்வீட்டில்தான் நான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மெத்தை இல்லாமலே பழகுவார். என் வீட்டுக் கூரை விளக்கு இரண்டு தரம் கழன்று விழுந்தது.

ஒவ்வொரு கொம்பனியும் அவருக்கு ஒவ்வொரு பெயர் வைத்தது. மொன்ட்ரியால்-நோரில் அவர் பாலைவனச் சுல்தான். ஒன்டாரியோ எல்லை தாண்டினால் வங்காள இளவரசர். கடற்கரைப் பக்கம் போனால் கடதாசிப் பூமாலையோடு ஏதோ ஒரு தீவின் அரசர். ஒருநாள் அறிவிப்பாளர் மைக்கை நீட்டி, "எந்த நாட்டிலிருந்து வருகிறாய்?" என்று கேட்டபோது அண்ணைக்கு அன்றைய நாடு மறந்துவிட்டது. இலங்கையில் தான் பிறந்த ஊரை உள்ளபடி சொல்லிவிட்டார்.

"மன்னார்!"

"மர்ம தேசமான மன்னாரிலிருந்து!" என்று அறிவிப்பாளர் முழங்கினார். இரண்டாயிரம் தொண்டைகள் மன்னாரைப் பார்த்து ஊளையிட்டன. திரும்பி வரும்போது அண்ணைக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஊளையிட்டாங்கள்தான். ஆனா பேரை எவ்வளவு திருத்தமாச் சொன்னாங்கள் பாத்தியோ?"

வில்லன் என்றால் புரியாத பாஷையில் கத்த வேண்டும் என்பது முதலாளிமாரின் கட்டளை. அண்ணையோ பூசை தவறாத மனிதர். தூஷணம் வாயில் வராது. ஆகவே வாய்பாடு சொன்னார். எதிராளியின் கழுத்தை நெரித்தபடி, கண்களை உருட்டி, "பதின்மூண்டேழு தொண்ணூத்தி மூண்டு!" என்று கர்ஜித்தார். முன்வரிசைக் குழந்தைகள் வீரிட்டு அழுதார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. எழும்பி, "தொண்ணூத்தொண்டு, அண்ணை!" என்று கத்தினேன். நானும் வில்லனின் ஆள் என்று நினைத்து, பின்னாலிருந்த கிழவி ஒருத்தி என் தலையில் சோளப்பொரி வாளியைக் கவிழ்த்தாள். நெரித்த கையை எடுக்காமலே அண்ணை என் பக்கம் திரும்பி, "ஓம் ஓம், பிழைச்சுப்போச்சு" என்றார்.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டில் மட்டும் ஒரு பொய் சொல்லி வைத்திருந்தார். அவருடைய மனைவி தெரேசா அக்கா முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்தா. சனி, ஞாயிறுகளிலும் வேலை. அதனால் ஒரு போட்டிக்கும் வந்ததில்லை. அவவைப் பொறுத்தவரை அண்ணை தோல்வியே காணாத வீரர்.

வந்தது வினை. எங்கள் பங்குக் கோயிலின் கூரை ஒழுகத் தொடங்கவே, அதைத் திருத்த நிதி சேர்ப்பதற்கு ஒரு ஞாயிறு பின்னேரம் கோயில் மண்டபத்தில் மல்யுத்தம் வைப்பதென்று முடிவானது. தெரேசா அக்கா லீவு போட்டுவிட்டா.

அண்ணை மல்யுத்தக் கொம்பனி முதலாளியிடம் ஓடினார். தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, தன்னை ஒரேயொரு தரம் வெல்ல விடும்படி கேட்டார். முதலாளி சிரித்துவிட்டுச் சம்மதித்தார். எதிராளி லூக் என்ற இளைஞன். அவனும் சம்மதித்தான்.

பிறகுதான் தெரிந்தது, அண்ணைக்கு வெல்லத் தெரியாது! வென்றவுடன் கையை எப்படித் தூக்குவது என்று வாகனத் தரிப்பிடத்தில் நின்று பழகினார். பொலிசிடம் சரணடைவதுபோல இரண்டு கையும் மேலே போயின.

"ஒரு கையைத் தூக்குங்கோ அண்ணை."

"எந்தக் கை?"

ஞாயிறு வந்தது. மண்டபம் முழுக்க எங்கள் ஆட்கள். பங்குச்சபைத் தலைவர் முன்வரிசையில், அவருக்குப் பக்கத்தில் காஞ்சிபுரம் கட்டிய தெரேசா அக்கா. பின்வரிசையில் கோட்டுப் போட்ட ஒருவர் தனியாக இருந்தார். லூக்கைத் தங்களோடு சேர்ப்பதா என்று பார்க்கப் பெரிய கொம்பனியொன்றிலிருந்து வந்தவர்.

மணி அடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணையைத் தூக்கி எறிந்த லூக்கின் முகம் வெளிறியது. இடது கை செத்ததுபோலத் தொங்கியது. அண்ணை அவனைக் கட்டிப்பிடித்துக் காதுக்குள் ஏதோ கேட்டார். லூக் அழும் குரலில் பதில் சொன்னான். ரிங்கின் மூலையில் நின்ற எனக்கு அது கேட்டது. தோள் போய்விட்டது, அந்தக் கோட்டுக்காரருக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது என்றான்.

அண்ணை ஒரு கணம் தெரேசா அக்காவைப் பார்த்தார். பிறகு விழத் தொடங்கினார்.

அப்படியொரு விழுகையை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. லூக் வலது கையால் ஒரு விரலை நீட்டினான். அண்ணை ரிங்கின் மறுமுனைக்குப் பறந்தார். லூக் முறைத்தான், அண்ணை குத்துக்கரணம் அடித்தார். லூக் தும்மினான் என்று நினைக்கிறேன். அண்ணை கயிற்றுக்கு மேலால் பாய்ந்து பாதிரியாரின் காலடியில் போய் விழுந்து, "தோத்திரம் சுவாமி" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறினார்.

"எழும்பு அண்ணை! அவன் தொடவேயில்லை!" என்று மண்டபம் கதறியது.

"மன்னார்ர மானம் போச்சு!" என்று பங்குச்சபைத் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியில் அண்ணை லூக்கின் நல்ல கையைத் தானே இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு பிணம்போலக் கிடந்தார். நடுவர் மூன்று எண்ணினார். கோட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். எங்கள் ஆட்களில் ஒருவரும் தட்டவில்லை. (தோள் ஆறிய பிறகு லூக்கை அந்தக் கொம்பனி எடுத்துக்கொண்டது. பங்குச்சபைத் தலைவர் அண்ணையோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை.)

காரில் தெரேசா அக்கா முன் சீட்டில். அண்ணை பின்னால், குற்றவாளிபோல.

"அந்தப் பொடியன்ர இடது தோள் விலகிப்போச்சு, என்ன?" என்றா அக்கா. நாள் முழுக்க முதியவர்களைத் தூக்கி இருத்துகிறவவின் கண் அது. "முதல் எறியேக்கையே கண்டனான்."

"ஓம்" என்றார் அண்ணை. "இண்டைக்கு நான்தான் வெல்ல இருந்தது. இண்டைக்கு மட்டும்..."

"இண்டைக்கு மட்டுமோ? அப்ப மற்ற நாளெல்லாம்?"

நான் சிக்னல் விளக்கைக் கூர்ந்து ஆராய்ந்தேன். அது பச்சையாகி வெகுநேரமாகியிருந்தது.

அக்கா சிரிக்கத் தொடங்கினா. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இனி நானும் வாறன்" என்றா. "கைதட்ட ஒராள் வேணுமெல்லே."

வீட்டில் அண்ணையைக் குப்புறப் படுக்க வைத்து, அக்கா தைலக் குப்பியை என்னிடம் நீட்டினா. "தம்பி, முதுகுக்குப் பூசிவிடும். நான் சாப்பாட்டைப் பாக்கிறன்." கன்றிப்போகாத இடம் ஒன்றும் அந்த முதுகில் இல்லை. நோகுதோ என்று கேட்டேன். அவர் நித்திரையாகிவிட்டிருந்தார். குப்பியில் தைலம் முடிந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தேன்.