பெண் பார்க்க வந்த இடத்தில் அயர்ன் மாஸ்டர்

திருப்பூரில் ஒரு ரகசியம் காலை எட்டரை மணிக்குப் பிறந்தால், பத்தரை மணி டீக்குள் அதன் ஆயுசு முடிந்துவிடும். முடித்து வைத்தவர் எங்கள் அயர்ன் மாஸ்டராகத்தான் இருப்பார். முதலாளியம்மா கோபித்துக்கொண்டு தாய்வீடு போனது முதலாளிக்கே மாஸ்டர் மூலமாகத்தான் தெரியவந்தது. என் தலைமுடிக் கறுப்பு டப்பாவில் வருகிறது என்ற விஷயம், ஜெர்மனியிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்த பையர் வரைக்கும் போயிருந்தது. அந்த மனிதர் கை குலுக்கும்போது என் கிருதாவையே பார்த்தார்.

நான் அப்போது அந்தப் பனியன் கம்பெனியில் பேக்கிங் இன்சார்ஜ். என் மேசைக்கு எதிரே அவருடைய இஸ்திரி மேசை. குண்டடம் பக்கத்து ஆள், ஐம்பது வயது, முருங்கைக்காய் உடம்பு. நிஜப்பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அந்த அட்டையை அவர் எப்போதோ தேய்த்து உருக்கிவிட்டார்.

ஒருநாள் ஃப்ளோர் மேனேஜர், 'வேலை நேரத்தில் பேசக் கூடாது' என்று போர்டு மாட்டினார். மாஸ்டருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தார். என் பேக்கிங் செக்‌ஷனில் காது கேளாத பிள்ளைகள் நாலு பேர் இருந்தார்கள். மெஷின் இரைச்சலில் நாங்கள் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காத இடத்தில், அவர்கள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கையாலேயே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போர்டில் கையைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மூன்றே மாதத்தில் மாஸ்டர் சைகை மொழி பழகிவிட்டார். சேவை மனப்பான்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழுக்க முழுக்க வம்பு. அவருக்குப் பாடம் எடுத்தது கோமதி, நாலு பேரில் வாயாடி அவள்தான். அவர் முதலில் கற்றுக்கொண்டது கெட்ட வார்த்தைகள். ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, மறு கையில் ஊர்க்கதை. கதை சூடு பிடித்து இரண்டு கையும் தேவைப்பட்டால் பெட்டி பனியன் மேலேயே உட்கார்ந்துவிடும். அப்படி ஒரு ஆர்டரில் பதினோரு உருப்படி நெஞ்சில் கறுப்பு முத்திரையோடு வந்தது.

"என்னய்யா இது?" என்று மேனேஜர் குதித்தார்.

"முக்கியமான சமாச்சாரமுங்க சார். ஒத்தக் கையில சொல்ல முடியல."

சிரித்தோம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அதுவரை அந்த நாலு பேருக்கும் ஒருத்தரும் ஒன்றும் சொன்னதே இல்லை. எல்லோரும் சிரிக்கும்போது அவர்கள் என்னவென்று கேட்பார்கள். நாங்கள் 'ஒண்ணுமில்ல' என்போம், இல்லையென்றால் 'அப்புறம்' என்போம். அதில் நான் தலைமைப் பீடம். எங்கள் ஒவ்வொருவருக்கும் அவர்கள் கையாலேயே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு வைத்தது, கையைத் தோளுக்கு மேலே பின்னால் வீசுவது. ஏதோ பெரிய பதவி என்று நினைத்து மிதப்பாக இருந்தேன். மாஸ்டர்தான் உடைத்தார்: "அது 'அப்புறம் சொல்றேன்'னு அர்த்தமுங்க சார். நீங்க அதைத்தான சொல்வீங்க?" சுருக்கென்றது.

காது கேளாதோர் சிறப்பு முகாம் என்று ஒரு தடவை ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனார்கள். ஆமாம், மைக். யாருக்கு முகாமோ அவர்களைத் தவிர ஊருக்கே கேட்டது. மாஸ்டர் வெறுங்காலோடு ஆட்டோவைத் துரத்தி, எங்கே, என்றைக்கு, என்னென்ன காகிதம் என்று விசாரித்துவந்து நாலு பேரிடமும் சொன்னார். நாலு பேரும் போய் அடையாள அட்டையும் பஸ் பாஸும் வாங்கினார்கள். கூடவே, ஆட்டோ டிரைவரின் இரண்டாம் சம்சாரம் பற்றியும் அவர் விசாரித்துவந்திருந்தார்.

இனி நடந்த கூத்துக்கு வருகிறேன். கோமதிக்கு இருபத்திரண்டு வயது. சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம், அப்பா வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரு புதன்கிழமை அவள் துள்ளிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்களாம், தனக்கும் புதுச் சேலை எடுத்திருக்கிறார்களாம். அயர்ன் மாஸ்டர் பெட்டியைக் கீழே வைத்தார். பனியன் மேல்தான். அவருக்கு முந்தின நாளே டீக்கடையில் சேதி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவது தங்கச்சியை இல்லை, கோமதியை.

"ஏனுங்க சார், புள்ளைக்கே தெரியாம புள்ளையப் பாக்க வர்றாங்களாமா! இப்படியும் உண்டுங்களா? நான் சொல்லிப்போட்டனுங்க" என்று என்னிடம் வந்து மூச்சு வாங்கினார்.

கோமதி அழவில்லை. கேள்வி கேட்டாள். யார், என்ன வேலை, குடிப்பானா? எல்லாவற்றுக்கும் மாஸ்டரிடம் பதில் இருந்தது. மாப்பிள்ளை பத்தாவதில் கணக்கில் வாங்கிய மார்க் உட்பட. 'என்னிடம் ஏன் யாருமே சொல்லவில்லை?' என்று கேட்டாள். அதற்கு மட்டும் மாஸ்டர் கருகிப்போன பனியனை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். கடைசியில் உத்தரவு போட்டாள்: ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வா. அங்கே யார் என்ன பேசினாலும் எனக்கு வந்து சேர வேண்டும். பாதியை முழுங்கினால் உதைப்பேன்.

ஒட்டுக்கேட்க ஒருத்தரை வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்தால் எப்படி இருக்கும்? புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "பெரிய மனுசன் ஒருத்தர் கூட வேணுமுங்க" என்று என்னையும் இழுத்துப் போனார்.

"நீரு எதுக்கு வே இங்க?" என்று கோமதியின் அப்பா வாசலிலேயே மறித்தார்.

"புள்ள கூப்புட்டுதுங்க."

மாப்பிள்ளை, அவன் அம்மா, அத்தை என்று மூன்று பேர் வந்திருந்தார்கள். மாஸ்டர் பிரிட்ஜ் ஓரமாக நின்றுகொண்டார். கோமதி காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அத்தை, மாப்பிள்ளையின் அம்மா காதில் என்னவோ கிசுகிசுத்தாள். மாஸ்டரின் கை அசைந்தது. உடனே கோமதியின் கையும் அசைந்தது. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"'புள்ள கொஞ்சம் நெறம் கம்மி'ன்னு நீங்க சொன்னீங்கல்லங்க? 'மாப்பிள்ளைக்கு முன்னால முடி கம்மி, சரிக்குச் சரி'ங்குதுங்க புள்ள."

அத்தையின் டம்ளர் பாதி வழியில் நின்றது. அடுப்படியில் தங்கச்சி சிரிப்பை அடக்க முடியாமல் பாத்திரத்தைத் தள்ளிவிட்டாள்.

"வாய மூடும் வே!" என்றார் அப்பா. மாஸ்டர் அதையும் கையால் சொன்னார்.

எப்படியோ சமாதானமாகி, பேச்சு நாள் குறிப்பது வரை வந்துவிட்டது. அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "கல்யாணத்துக்குப் பெறவு வேலைக்கெல்லாம் விட மாட்டோம். அந்தப் போனும் வேண்டாம். வாய் பேசாத புள்ளைக்குப் போன் எதுக்கு? யாருட்டப் பேசப்போகுது?"

உடுமலையிலும் தாராபுரத்திலும் இருக்கும் தோழிகளோடு தினமும் வீடியோவில் கையாட்டிப் பேசுவாள் கோமதி. கம்பெனிக்கு வெளியே அவள் பேச்சைப் புரிந்துகொள்ளும் உலகம் மொத்தமும் அந்தப் போனுக்குள்தான் இருந்தது.

மாஸ்டர் கையைத் தூக்குவதற்குள் அப்பா பாய்ந்துவந்து அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். "உம்ம கால்ல விழுதேன். இத மட்டும் சொல்லாதேயும். எத்தன எடம் தட்டிப் போச்சு தெரியுமா? நான் போன பெறவு எம்மகளுக்கு யாரு வே இருக்கா?" எனக்கே பாவமாகிவிட்டது. "விடுங்க மாஸ்டர், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று சொல்லியும்விட்டேன்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அப்புறம்னா எப்பங்க சார்? தாலி ஏறுன பொறகுங்களா?" அப்பாவிடம், "கைய விடுங்க அண்ணா. புள்ளையோட பொழப்பு, அதுக்குத் தெரியோணும்" என்றார்.

பிடி தளர்ந்தது. ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். கோமதி நேராக மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டாள். மாஸ்டர் குரல் கொடுத்தார்: "'எங்கூடப் பேசறதுக்கு நீங்க கை பழகிக்குவீங்களா?'ன்னு கேக்குதுங்க."

மாப்பிள்ளை அம்மாவைப் பார்த்தான். "எம்மா...?" என்றான். அவ்வளவுதான். கோமதி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் போன பிறகு அப்பா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கோமதி எதிரே உட்கார்ந்து, அவர் மோவாயை நிமிர்த்தி, நிதானமாகக் கையால் பேச ஆரம்பித்தாள். மாஸ்டர் வழக்கம்போல முன்னால் வந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், போ என்று கையை வீசினாள்.

"என்ன சொல்லுதா வே?" என்று அப்பா தவித்தார்.

"உங்களுக்குத்தானுங்க சொல்லுது. கண்ணெடுக்காமப் பாருங்க, வெளங்கும்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். அப்பா ஒரு கையைத் தூக்கி அவள் செய்ததைத் தானும் செய்தார். தப்பு. அவள் அவர் விரலைப் பிடித்து மடக்கிச் சரிசெய்தாள்.

"அப்படி என்னதான் சொன்னா?" என்று வண்டியை எடுத்துக்கொண்டே கேட்டேன்.

"அது அவிங்கப்பனுக்குச் சொன்னதுங்க சார்."

தலை வெடித்துவிடும் போலிருந்தது எனக்கு. பல்லடம் ரோடு வரைக்கும் திட்டிக்கொண்டே ஓட்டினேன். திட்டு ஏறுகிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். புதுச் சட்டைக் கையால் மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.