பத்தேகாலுக்கு றெக்கையை ஆட்டுவான்

விமானம் ஓட்டத் தெரிந்தவனுக்குச் சுலபமாகப் பெண் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள், கடலூர் மாவட்டத்தில் பெண் கேட்டுப் போய்ப் பார்த்ததில்லை. நான் போயிருக்கிறேன். (அதுவும் விமானத்தில்.)

2010, தை மாதம். எனக்கு இருபத்தெட்டு வயது. எங்களுடையது கடலூர் முதுநகர்ப் பக்கம் கடலுக்குப் போகிற குடும்பம். அப்பாவுக்கு இரண்டு ஃபைபர் போட்டு இருந்தது. நான் மட்டும் கொஞ்சம் படித்துவிட்டு, துபாய் ஏர்போர்ட்டில் நாலு வருஷம் பெட்டி ஏற்றி இறக்கினேன். விமானங்களைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் பைத்தியம் முற்றி ஊருக்குத் திரும்பி, புதுச்சேரியில் பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குப் பழகிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லிக்கொடுக்கும் கேப்டன் ஒருநாள் ஓடுபாதை ஓரத்தில் இறங்கிக்கொண்டு, தனியாக ஒரு சுற்று போய்விட்டு வரச் சொன்னார். அவருடைய எடை இல்லாததால், அந்தச் சின்ன விமானம் நான் சொல்லுமுன்பே மேலே கிளம்பிவிட்டது. பக்கத்துச் சீட்டு காலி. கீழே கடற்கரை, தென்னந்தோப்பு, நூல் இழுத்ததுபோல் ரோடு. என் பெயரை நானே நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் பிறகு என் கல்யாணத்தன்றுகூட இல்லை. (வீட்டில் யாரும் இதைப் படிக்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.)

பெண் சிதம்பரம். பெயர் தமிழரசி. அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். அவள் அப்பா ராஜமாணிக்கம் மாமா, பரங்கிப்பேட்டையிலிருந்து படித்து மேலே வந்தவர், பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். எனக்குத் தமிழரசியைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. காபி டம்ளரை வாங்கும்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்து, பாதியை மாமாவின் வேட்டியில் ஊற்றினேன். மாமா வேட்டியை உதறிவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"பிரைவேட் லைசென்ஸுன்னா என்னா?"

"சொந்தமா ஓட்டிக்கிறது மாமா. சம்பளத்துக்கு ஓட்டக் கூடாது."

"சொந்தமா பிளேன் இருக்கா?"

"இல்ல மாமா."

"அப்போ எதுக்கு?"

மாமா எழுந்திருக்கப் பார்த்தார். சம்பந்தம் கையை விட்டுப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குமேல் அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. வருகிற திங்கட்கிழமை நான் தனியாகப் பறக்கப் போகிறேன், சிதம்பரம் வழியாகத்தான் போகிறேன் என்று ஆரம்பித்தவர், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை.

"பத்தேகாலுக்கு உங்க மாடிக்கு மேல வந்து றெக்கைய ஆட்டுவான். ஆட்டலைன்னா நீங்க பொண்ணு குடுக்க வாணாம்."

பூகோள வாத்தியாருக்கு இந்தப் பரீட்சை பிடித்துப்போயிற்று. அன்றைக்கே மாடியில் வைத்துத் தட்டு மாற்றிக்கொள்வதாக முடிவாயிற்று. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம் முடிகிறது, பத்தரைக்கு எமகண்டம் பிறக்கிறது. நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரத்துக்குள் நான் வர வேண்டும். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காக நேரத்துக்கு விமானம் ஓட்டியிருப்பார்கள். எமகண்டத்தை முந்துவதற்காக ஓட்டியவன் நானாகத்தான் இருப்பேன்.

பாதையைக் கேப்டன் வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். புதுச்சேரியிலிருந்து நெய்வேலி, அங்கே இடது பக்கம் திரும்பிச் சிதம்பரம், அப்புறம் கடலோரமாகவே கடலூர் வழியாகத் திரும்பி வர வேண்டும். லைசென்ஸுக்கு இந்தப் பயணம் கட்டாயம். திசை காட்டும் கருவியை நம்பு, கண்ணை நம்பாதே என்று மூன்று முறை சொன்னார். மாடி, தட்டு, றெக்கை ஆட்டுவது எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

நெய்வேலி சுரங்கத்தை யாரும் தவறவிட முடியாது. நானும் தவறவிடவில்லை. அங்கே திரும்பியபோது மணி பத்து. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தூரத்தில், வலப்பக்கமாக, ஒரு கோபுரம் தெரிந்தது. அதற்கு அப்பால் தகதகவென்று தண்ணீர்.

கருவி இடப்பக்கம் போகச் சொன்னது. எங்கள் அப்பா போட்டில் எந்தக் கருவியும் கிடையாது. கரையில் தெரிகிற கோபுரம், பனைமரம், கலங்கரை விளக்கம் இவற்றை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தே முப்பது வருஷமாக வீடு வந்து சேர்ந்தவர். ஒரு பக்கம் கோபுரம், ஒரு பக்கம் கடல் இருந்தால் அது சிதம்பரம் என்று எனக்கு அஞ்சு வயதிலேயே தெரியும். கருவிக்கு இந்த ஊர் புதுசு. எனக்குச் சொந்த ஊர். நான் வலப்பக்கம் போனேன்.

சிதம்பரத்தில் கோபுரம் நாலு. நான் பார்த்தது ஒன்று. மேலேயிருந்து பார்த்தால் நாலும் சேர்ந்து ஒன்றாகத் தெரியும் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். ஊர் கொஞ்சம் சின்னதாக இருந்தது. அது உயரத்தினால். ஒரு மொட்டைமாடியில் நாலைந்து பேர் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மஞ்சள் புடவையில் ஒரு பெண் கையசைத்தாள். மணி பத்து பதினாலு. நான் றெக்கையை ஆட்டினேன். இடது, வலது, இடது. திரும்ப வந்து இன்னொரு தடவையும் ஆட்டினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மஞ்சள் புடவைக்காரி யார் என்று இன்றுவரை தெரியாது.

காரியம் முடிந்த திருப்தியில் கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே பறந்தேன். கடல் அன்றைக்கு ரொம்ப அமைதியாக இருந்தது. அலையே இல்லை. போட்டும் இல்லை. திங்கட்கிழமை, யாரும் தொழிலுக்குப் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நிமிஷம் போயிருக்கும். கடல் முடிந்துவிட்டது.

வங்காள விரிகுடா அப்படி முடியக் கூடாது. அது முடிகிற இடத்தில் கரும்புக்கொல்லை இருந்தது. கரையோரத் தண்ணீரில் எருமைகள் படுத்திருந்தன. நான் கடல் என்று நினைத்துக்கொண்டு வந்தது வீராணம் ஏரி. றெக்கையை ஆட்டியது சிதம்பரத்துக்கு மேற்கே இருக்கிற ஸ்ரீமுஷ்ணத்தில். 'அடப்பாவி' என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த விமானத்தில் என்னைத் தவிர யாரும் இல்லாததால், அது யாரைச் சொன்னது என்பதில் சந்தேகம் இல்லை.

கருவியைப் பார்த்துக் கிழக்கே திருப்பினேன். அது அப்போதும் கோபித்துக்கொள்ளாமல் சரியான வழியைத்தான் காட்டியது. நாலு கோபுரமும் நாலாகவே தெரிந்தன. மாமா வீட்டு மாடியில் ஷாமியானாவே போட்டிருந்தார்கள். நான் அதன்மேல் றெக்கையை ஆட்டியபோது மணி பத்து முப்பத்தெட்டு. எமகண்டம் பிறந்து எட்டு நிமிஷம். மாடியில் யாரும் இல்லை. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கீழே இறங்கிவிட்டிருந்தார்கள்.

புதுச்சேரியில் கேப்டன் தாமதத்துக்குக் காரணம் கேட்டார். மேகம் என்றேன். அவர் வெளியே வந்து சுத்தமான வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் திட்டாமல், இந்தப் பயணம் கணக்கில் சேராது, அடுத்த வாரம் திரும்பப் போ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பஸ்ஸில் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். (பஸ் வழி தவறவில்லை.) கூடத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. தட்டில் வெற்றிலை வாடியிருந்தது. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா பள்ளிக்கூடத்திலிருந்து மாவட்ட வரைபடத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டியிருந்தார். கையில் பிரம்பு வேறு.

"எந்த வழியா வந்தீங்க தம்பி? காட்டுங்க."

பஸ்ஸில் வரும்போதே இங்கேயும் மேகம் என்று சொல்வதாகத்தான் தயார் செய்திருந்தேன். வரைபடத்துக்கு முன்னால் நின்றதும் அந்தப் பொய் வாயில் வரவில்லை. கோபுரம் தெரிந்தது, பக்கத்திலேயே கடல் தெரிந்தது என்று உளறினேன். அப்போது உள்ளே வாசற்படியோரம் நின்றிருந்த தமிழரசி முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"கடல்ல அலை இருந்துச்சா?"

"இல்ல."

"போட்டு?"

"இல்ல."

"எருமை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இருந்துச்சு."

அப்பா எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நாலு தலைமுறையாக உப்புத்தண்ணீரில் பிழைத்த குடும்பத்து மனுஷர். அவருடைய முகத்தை நான் மறக்க மாட்டேன். "கௌம்புவோம். ஏரிக்கும் கடலுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பொண்ணு கேக்கறது" என்றார். அம்மா தட்டைக் கையில் எடுத்துவிட்டாள். எனக்கு அன்றைய பயணம் கணக்கில் சேராமல் போனதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. அந்தத் தட்டு வெளியே போவதைத்தான் பார்க்க முடியவில்லை.

தமிழரசி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துத் தீர்த்துவிட்டு, அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"தட்ட வாங்குங்கப்பா. இவருக்குப் பொய் சொல்ல வராது. வழி நான் சொல்லிக்கிறேன்."

அடுத்த வாரம் அதே பாதையில் ஒழுங்காகப் போய்வந்தேன். லைசென்ஸ் வந்தது. வைகாசியில் கல்யாணம். சொந்த விமானம் இன்னும் வரவில்லை. அப்பா, அதற்கப்புறம் ஒரு வருஷம், யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் பையன் துபாயில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருப்பேன்.

காட்டுமன்னார்கோயிலில் அவள் அக்கா வீடு. போகும்போதெல்லாம் வீராணம் கரையில்தான் பஸ் போகும். ஏரி கண்ணில் பட்டதும் தமிழரசி, பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படியாக, "ஏங்க, உங்க கடல் வந்துடுச்சு" என்பாள். மழை பொய்த்த ஒரு வருஷம் ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அன்றைக்காவது விட்டுவிடுவாள் என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவள் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தாள். பிறகு என் தோளைத் தட்டி, "பாருங்க, உள்வாங்கியிருக்கு" என்றாள்.