பணிவுள்ள மடிக்கணினி

உலகிலேயே மரியாதை தெரிந்த முதல் மடிக்கணினி எங்கள் பிறப்புப் பதிவு அலுவலகத்தில், என் மேசைமீதுதான் இருக்கிறது என்பதைப் பெருமையுடன் அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். எத்தனையோ கணினிகள் கணக்குப் போடுகின்றன, படம் காட்டுகின்றன, சில பாடக்கூடச் செய்கின்றன. மேலதிகாரியைக் கண்டதும் முகத்தைத் தாழ்த்திக்கொள்ளும் பக்குவம் என் கணினிக்கு மட்டுமே வாய்த்தது.

மடிக்கணினி என்று பெயரே தவிர, அது யார் மடியிலும் அமர்ந்ததில்லை. திருட்டுப் போகாமலிருக்க மேசையோடு சேர்த்துச் சங்கிலியால் பூட்டியிருக்கிறோம். என் முதுகுப் பக்கம் பெரிய ஜன்னல். எங்கள் இயக்குநர் தினமும் மூன்று முறை ‘திடீர் ஆய்வு’ நடத்துவார்: பத்தரை, பன்னிரண்டு, நாலரை. வந்தால் ஜன்னலுக்கும் என் முதுகுக்கும் நடுவில் நின்று, தோளுக்கு மேலாகத் திரையைப் பார்ப்பார். தாராளமான உடம்பு. அவர் வந்து நின்ற மறுகணம் திரை பொசுக்கென்று மங்கிவிடும். போனதும் பளிச்சென்று ஆகிவிடும்.

முதலில் இதைக் கோளாறு என்று நினைத்த என் அறியாமைக்காக வெட்கப்படுகிறேன். கணினிகளைப் பழுது பார்ப்பவரை அழைத்தேன். அவரை நாங்கள் ‘ரீஸ்டார்ட்’ என்று அழைப்போம். எந்த வியாதிக்கும் அவருடைய முதல் மருந்து அதுதான். அது பலிக்காவிட்டால் இரண்டாவது மருந்தும் அதுவே.

“எப்பெல்லாம் மங்குது?” என்றார் ரீஸ்டார்ட்.

“இயக்குநர் வரும்போது மட்டும்.”

“மத்த நேரத்துல?”

“ஜோரா இருக்கு.”

“அப்ப அவரைத்தான் ரீஸ்டார்ட் பண்ணணும்,” என்று சொல்லிவிட்டு, அவசரமாகக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மூன்று முறை அணைத்து எழுப்பினார். சார்ஜரைப் பிடுங்கிச் செருகினார். திரையைச் சட்டை நுனியால் துடைத்தார். புதிய அப்டேட் ஒன்றைப் போட்டுவிட்டு, அது முடிவதற்குள் சாப்பிட்டு வந்தார். கடைசியில், திரையின் மேல்விளிம்பில் கேமராவுக்குப் பக்கத்திலிருந்த சின்னப் புள்ளியைக் கட்டைவிரலால் மூடினார். திரை மங்கியது. விரலை எடுத்தார். பளிச்.

“அட, இதுதான் விஷயம்! இந்தப் புள்ளி வெளிச்சத்தை அளக்குது. அவரு ஜன்னலை மறைச்சதும், இருட்டிடுச்சுன்னு நினைச்சு மங்கிடுது. செட்டிங்ஸ்ல ஒரு டிக்கை எடுத்தா முடிஞ்சுபோச்சு. அரை நிமிஷ வேலை.”

“எடுத்துடுங்களேன்!”

“எடுக்கலாம். ஆனா பாஸ்வேர்டு போடணும். பாஸ்வேர்டு போட அனுமதி வேணும். அனுமதிக்கு ஃபாரம் இருக்கு.”

படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்பினேன். ஏழாவது கட்டத்தில் ‘கோளாறுக்கான காரணம்’ என்றிருந்தது. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அதாவது அப்போது இல்லை. ‘இயக்குநர்’ என்று எழுதினேன்.

எங்கள் பிரிவு மேலாளர் அம்மா அதைப் படித்துவிட்டு நெஞ்சில் கைவைத்தார்.

“என்னங்க இது, காரணம் இயக்குநர்னு! பிள்ளைகுட்டிக்காரர்தானே நீங்க?”

“நிழல்னு மாத்திடட்டுமா மேடம்?”

“யார் நிழல்னு கேப்பாரு.”

“உருவம்?”

“ஏன், குண்டுன்னே எழுதிடுங்களேன்! கட்டமும் பெருசாத்தான் இருக்கு.”

ஒன்றரை மணி நேரம் இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் நான் எழுதிய வாசகம் இது: ‘தாங்கள் வருகை புரியும் வேளைகளில் இத்திரை தன் ஒளியைத் தானாகவே அடக்கிக்கொள்கிறது.’ மேலாளர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும்போல் இருந்தது.

இயக்குநர் அதை இரண்டு முறை மனத்துக்குள் படித்தாராம். மூன்றாம் முறை வாய்விட்டுப் படித்தாராம். படிவம் திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் பச்சை மையில் குறிப்பு: ‘இது கோளாறன்று, ஒழுக்கம். நீக்கக் கூடாது. மற்றவையும் பின்பற்றுக.’

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. பதினான்கு மேசைகளும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திருப்பப்பட்டன. வெளிச்சத்தைக் கூட்டும் விசைகள் முடக்கப்பட்டன. அந்த டிக், ‘பணிவு அமைப்பு’ என்ற பெயரோடு எல்லாக் கணினிகளிலும் ஏறியது. இயக்குநர் ஜன்னலோரமாக ஒரு நடை நடந்தால் பதினான்கு திரைகளும் வரிசையாகத் தலைகுனியும். சில நாட்களில் அவர் போய்விட்டு, காரணமே இல்லாமல் திரும்பியும் நடந்தார்.

இப்படி எங்கள் அலுவலகம் சிறந்து விளங்கிய ஒரு வெள்ளிக்கிழமைதான் அந்த விளையாட்டு ஆசிரியை வந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. பள்ளியிலிருந்து நேராக ஓடி வந்திருந்தார்.

“சார், நான் பொறந்தது எழுபத்தி நாலுல. சர்டிஃபிகேட்ல அறுபத்தி நாலுன்னு அடிச்சிருக்காங்க. அதை வச்சு, இந்த மாசத்தோட ரிட்டையர் ஆகுங்கன்னு லெட்டர் குடுத்துட்டாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள திருத்தித் தரலேன்னா என் வேலை போயிடும். பத்து வருஷ வேலை சார்.”

பழைய பதிவேட்டின் படத்தைத் திரையில் திறந்தேன். தாள் பழுப்பேறி, மை வெளுத்திருந்தது. ஆனால் முழு வெளிச்சத்தில் சந்தேகமே இல்லை: 1974. தட்டச்சு செய்தவர் ஏழு என்ற எண்ணை ஆறாக்கியிருக்கிறார்.

“நீங்க சொன்னது சரிதாம்மா. எழுபத்தி நாலுதான்,” என்றேன்.

“அப்பாடா! அடிச்சுக் குடுத்துடுங்க.”

“இயக்குநர் தன் கண்ணால திரையில பாத்துட்டுக் கையெழுத்துப் போடணும். அதுதான் விதி.”

எங்கள் விதியின் நுட்பத்தை நீங்கள் இதற்குள் புரிந்துகொண்டிருப்பீர்கள். இயக்குநர் வந்தால் வருடம் தெரியாது. வருடம் தெரிந்தால் இயக்குநர் இருக்க மாட்டார். பழைய பதிவேட்டை அச்செடுக்கவும் தடை. மேசையைத் திருப்பலாமென்றால் சுற்றறிக்கை குறுக்கே நிற்கிறது.

பன்னிரண்டுக்கு இயக்குநர் வந்து எட்டிப் பார்த்தார். திரை பணிந்தது.

“ஒண்ணுமே தெரியலையே,” என்று சொல்லிவிட்டுப் போனார். திரை பளிச்சென்றது.

“இப்ப தெரியுதே சார்! கூப்பிடுங்க அவரை!” என்றார் ஆசிரியை.

கூப்பிட்டோம். வந்தார். தெரியவில்லை. போனார். தெரிந்தது. மதியத்துக்குமேல் இன்னும் இரண்டு முறை இது நடந்தது. ரீஸ்டார்ட் ஓடி வந்து ரீஸ்டார்ட் செய்தார். ‘சார், கொஞ்சம் நகருங்கள்’ என்ற மூன்று சொற்கள் எங்கள் பதினான்கு பேர் தொண்டையிலும் நாள் முழுக்க இருந்தன. இருந்தாலும் அலுவலகத்தின் கண்ணியத்தைக் கருதி ஒருவர்கூட அவற்றை வெளியே விடவில்லை.

நாலரைக்குக் கடைசி ஆய்வு. இயக்குநர் நின்றார். திரை மங்கியது. ஆசிரியை கவுன்ட்டரின் தடுப்புப் பலகையைத் தூக்கிவிட்டு நேரே உள்ளே வந்துவிட்டார்.

“சார், இப்படித் தள்ளி நில்லுங்க. இன்னும். இன்னும் ரெண்டு அடி. ஆங், அங்கேயே நில்லுங்க.”

முப்பது பிள்ளைகளை ஒரே குரலில் வரிசையில் நிறுத்துகிறவர் அல்லவா? எங்கள் இயக்குநர் தன்னை மறந்து மூன்று அடி நகர்ந்து, கையைக்கூடப் பக்கவாட்டில் ஒட்டி நின்றுவிட்டார். ஜன்னல் திறந்துகொண்டதுபோல் வெயில் உள்ளே விழுந்தது. என் திரை பளபளவென்று எரிந்தது. 1974. கதவோரத்திலிருந்த ரீஸ்டார்ட்டுக்கே தெரிந்தது.

இயக்குநரின் முகம் சிவந்தது. அந்த எண் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டால், திரை மங்கியது பணிவால் அல்ல, அவர் உடம்பால் என்று ஆகிவிடும். சுற்றறிக்கை என்னாவது? பச்சை மை என்னாவது? அவர் திரையைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார்.

“மேலாளர், உங்களுக்கு ஏதாவது தெரியுதா?”

“கண்ணாடி கொண்டு வரலைங்க சார்,” என்றார் மூக்கில் கண்ணாடியோடு மேலாளர் அம்மா.

“நீங்க?”

“ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தாத்தான் சார் சொல்ல முடியும்,” என்றார் ரீஸ்டார்ட்.

பிறகு இயக்குநர் என்னிடம் வந்தார். “பதிவேடு உங்க பொறுப்பு. நீங்க சொல்லுங்க. வருஷம் தெரியுதா?”

ஆசிரியை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “காலையில நீங்கதானே சார் படிச்சுக் காட்டினீங்க? சொல்லுங்க சார்,” என்றார். விசிலைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். மணி நாலு ஐம்பது.

“தெரியலைங்க சார்,” என்றேன்.

இயக்குநர் கோப்பில் ‘படிக்க இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆசிரியை தடுப்புப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே போனார். திரையில் 1974 அப்படியே எரிந்துகொண்டிருந்தது. மரியாதை கெட்ட அந்த மடிக்கணினியைத் தவிர, அன்று அந்த அறையில் பழுதில்லாமல் வேலை செய்தது வேறெதுவும் இல்லை.