வெற்றிலைப் பச்சையும் கார் நிக்கோபார் கப்பலும்

மின்னி பே,
போர்ட் பிளேர்.

அன்பு மருமகள் அகிலாவுக்கு,

கோவிந்தராஜ் மாமா எழுதுவது. நானும் உன் அத்தை இந்திராணியும் சுகம். நெட்தான் இந்த வாரம் படுத்துவிட்டது, அதனால் தபால். சென்னையில் உன் வீட்டுக்காரரையும் விசாரித்ததாகச் சொல்.

எங்கள் சரக்கு ஆபீஸுக்கு நீ எழுதிக் கொடுத்த புரோகிராமில் படமில்லை, மவுஸ் இல்லை, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான். புதுக் கணக்கைக் கறுப்பில் தொடங்குவதாவது என்று நான்தான் அடம்பிடித்து, மங்களகரமாக மஞ்சள் திரையில் வெற்றிலைப் பச்சை எழுத்து வைக்கச் சொன்னேன். "மாமா, கண்ணு கூசும், எழுத்தே தெரியாது" என்றாய். கேட்டேனா? பூஜை போட்டு, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து ஆரம்பித்தோம். அன்றைக்கே வரி மாறிப் படித்து, கார் நிக்கோபார் தீவுக்குப் போகவேண்டிய வெங்காயத்தை ஹேவ்லாக்குக்கும், ஹேவ்லாக் ஓட்டல்காரர் கேட்ட பூச்சாடிகளைக் கார் நிக்கோபாருக்கும் ஏற்றிவிட்டேன். அங்கேயிருந்து கடைக்காரர் போன் போட்டு, "சாம்பாருக்குப் பூச்சாடியவா அரிஞ்சு போடுறது?" என்று கேட்க, எங்க முதலாளி சண்முகம் இருக்காரே, "கண்ணு தெரியலன்னா சஷ்மாவ மாத்துய்யா. இன்னொரு கல்தி ஆச்சுன்னா உன்னையும் அதே கப்பல்ல ஏத்தி கார் நிக்கோபார் பிராஞ்சுக்கு அனுப்பிருவேன்" என்றுவிட்டார். உன் அத்தையோ, "நீங்க போங்க, நான் மின்னி பேய விட்டு நகரமாட்டேன்"னு என் பெட்டிய மட்டும் எடுத்து வெளிய வச்சுட்டா. இந்த வயசுல தனியாப் பொங்கித் திங்கணுமேன்னு பெட்டிய மறுபடி உள்ளே தூக்கி வச்சேன்.

அப்போதுதான் தாயே, நீ புது நிறம் அனுப்பினாய். அடர்ந்த கருநீலத் திரை, அதன்மேல் ஒரு சொட்டு டிகாக்‌ஷன் விழுந்த பால் மாதிரி எழுத்து. ஒவ்வொன்றும் எழுந்து நிற்கிறது. ஓடாத கப்பலுக்குச் சிவப்பு, ஓடுவதற்குப் பச்சை. "நிறத்த மட்டும் நம்பக்கூடாது மாமா" என்று பக்கத்திலேயே 'ரத்து', 'உண்டு' என்று வார்த்தையும் போட்டாயே, அந்த மூளைக்கு என்ன கொடுத்தாலும் தகும். மூட்டை ஏற்றும் நந்தகுமாருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியுமாம். இத்தனை வருஷம் வெளியே சொல்லாதவன், "பஹுத் அச்சா, அண்ணே" என்று திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அதற்கப்புறம் ஒரு தப்புகூட நடக்கவில்லை. என் அக்கா பெண் என்று லம்பா லைன் ஏரியா வரைக்கும் சொல்லிவிட்டேன்.

நீயும் உன் கண்ணும் நூறாண்டு நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் பெருமையே பேச்சாகத் திரியும் மாமா,
கோவிந்தராஜ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது முதலாளி வந்து திரையைப் பார்த்தார். "இவ்ளோ சாஃபா தெரியுதே, இத இனிமே நானே பாத்துக்கிறேன். கார் நிக்கோபார் பிராஞ்சுலதான் ஆள் இல்ல, நீ கிளம்பு" என்கிறார். அடுத்த மாதக் கப்பல். என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி நிறம் ஏதாவது இருந்தால் உடனே அனுப்பு.