மீசை போயும் அடங்காத மீட்டர்

நாலரைக்குப் புறப்பட்ட டெக்னீஷியனை ஆஸ்பத்திரி வாசலிலேயே கதிர்வீச்சு மீட்டர் நிறுத்திவிட்டது.

ஐந்து மணி ரயிலில் மனைவி வருகிறாள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. சொன்ன நேரத்துக்கு ஒருநாளாவது வந்து நின்றதில்லை என்பதுதான் அவளுடைய ஒரே புகார். இன்று பிளாட்பாரத்தில் நிற்பேன் என்று அவர் சத்தியம் செய்திருந்தார்.

ஸ்கேனுக்கு முன் நோயாளிகளுக்குப் போடும் கதிரியக்க ஊசிமருந்தை, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கலந்து கொடுப்பது அவர் வேலை. யாருக்குப் போகிறது என்று பார்க்கமாட்டார். ஒரு சொட்டு மேலே ஒட்டியிருந்தாலும் வெளியே போகக் கூடாது. தன்னைத்தானே சோதித்தால் ஏமாற்றத் தோன்றும், ஆகவே வாசல் காவலாளிதான் மீட்டர் பிடிக்க வேண்டும் என்று விதி எழுதி ஒட்டியவரும் அவரேதான்.

"முந்நூறு காட்டுது சார்," என்றார் காவலாளி, எட்ட நின்று கையை நீட்டியபடி.

டெக்னீஷியன் சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவிவிட்டு வந்தார். காவலாளி நல்ல மனிதர். சரியாகப் பார்ப்போமே என்று ஓரடி நெருங்கிப் பிடித்தார். அறுநூறு. கோட்டைக் கழற்றிப் பையில் கட்டினார். காவலாளி இன்னும் நெருங்கினார். தொள்ளாயிரம். செருப்பு, கடிகாரம், பெல்ட் எல்லாம் மஞ்சள் டப்பாவுக்குள் போயின. ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நின்றார். மணி ஐந்தேகால்.

"மீசையில ஏதாவது தெறிச்சிருக்குமோ சார்?"

இருபது வருட மீசை. மனைவிக்கு அவரிடம் பிடித்த ஒரே விஷயமும் அதுதான். மழித்துவிட்டு வந்தார். காவலாளி அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, மூக்குக்குக் கீழே மீட்டரை வைத்தார். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது.

அப்போது மனைவியின் போன் வந்தது. அவள் கத்தவில்லை. திரும்பிப் போக அடுத்த ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாக மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

டெக்னீஷியன் பெஞ்சில் உட்கார்ந்தார். அழுகை அழுகையாக வந்தது. காவலாளி பக்கத்தில் உட்கார்ந்து தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"மனசை விட்டுடாதீங்க சார். மத்தியானம் உங்க டிபார்ட்மெண்ட்லதான் எனக்கும் எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போட்டாங்க. ராத்திரி வரைக்கும் யாரையும் ஒட்டி நிக்காதீங்கன்னு அந்த நர்ஸம்மா அத்தனை தடவை சொன்னாங்க. உங்களை இப்படி விட்டுட்டுப் போக மனசு வரல, அதான் கூடவே நிக்கிறேன்."