காதால் படித்த வைத்தியர்

மருத்துவர்களுள் கல்லூரியில் படித்துத் தேறியவர்களை நீங்கள் அறிவீர்கள். தொலைக்காட்சித் தொடரில், அதுவும் காதால் மட்டுமே, படித்துத் தேறியவரை அறிவீர்களா?

அடையாளம் காண்பது எளிது. மருத்துவத் தொடர் தொடங்கியதும் ஒலியைக் கூட்டி, கால்மேல் கால் போட்டு அமர்ந்து, கையுறை மாட்டும் சத்தம் பலூன் ஊதுவது போலிருக்கிறது, கத்தரிக்கோல் விழும் சத்தம் சமையலறைத் தட்டில் விழுவது போலிருக்கிறது, சுவாசக் கருவிக்கு இத்தனை இரைச்சல் ஆகாது என்று குற்றங்களை அடுக்கி, "கொஞ்சமாவது உண்மையா எடுக்க வேண்டாமா?" என்று பெட்டியையே கடிந்துகொள்வார். எந்த அறுவை அரங்கினுள் இவர் நுழைந்தார்? அதை மட்டும் கேட்கக் கூடாது.

இத்தகைய ஒருவரின் மனைவிக்குக் குடல்வால் அறுவை நடந்தது. மறுநாள் பிற்பகல், வலி சற்றே தணிந்த வேளையில், அந்த அம்மையார் வேண்டியது ஒன்றே ஒன்று: தூக்கம். இமைகள் மூடும் தருணத்தில் கணவர் துள்ளி எழுந்தார். தலைமாட்டு இதயத்துடிப்புக் கருவியில் பச்சைக் கோடு ஓடுகிறது, சத்தத்தைக் காணோம்!

"சிஸ்டர்! மிஷின் ஊமையாயிடுச்சு!"

"குறைச்சு வச்சிருக்கோம் சார். அவங்க தூங்கட்டும். ஏதாவதுன்னா அதுவே கத்தும்."

"சத்தமே இல்லாம எப்படிம்மா நம்புறது?"

"ஏங்க, நான் உசுரோடதாங்க இருக்கேன்," என்றார் மனைவி.

"நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?"

செவிலியர் ஒலியைக் கூட்டினார். கணவரின் முகம் மலர்ந்தது. அந்தத் தாலாட்டில் அவர் நாற்காலியிலேயே குறட்டை விடத் தொடங்கினார். மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பொறுக்க மாட்டாமல் அவர் சைகை காட்ட, செவிலியர் ஒலியை மறுபடி குறைத்தார்.

அவ்வளவுதான்! சத்தம் நின்றதும் கணவர் அலறி விழித்தார்.

"ஐயோ! போயிட்டாளா?"

"சிஸ்டர்," என்றார் மனைவி, தையலைக் கையால் தாங்கியபடி, "மிஷினுக்குச் சத்தத்தைக் குறைக்க பட்டன் வச்சிருக்கீங்களே, இவருக்கு எங்க இருக்கு? நானும் கல்யாணம் ஆனதுலேர்ந்து தேடுறேன்."

"பாக்குற நேரம் முடிஞ்சுது சார். வெளிய இருங்க," என்று சிரிக்காமல் கதவைத் திறந்துவிட்டார் செவிலியர். அம்மையார் உடனே உறங்கிப்போனார்.

வெளியே, வாயிற்காவலரிடம் நம்மவர் மனம் வெதும்பி முறையிட்டார்: "இந்த ஆஸ்பத்திரியில உண்மையே இல்லப்பா. எல்லாம் நடிப்பு!"

சிரித்தது போதும். இதயம் நின்றால் என்ன ஓசை கேட்கும் என்று உங்களைக் கேட்டால், சற்றும் யோசியாமல் 'பீ...' என்று நீட்டி முழக்குவீர்களே, அதை நீங்கள் எந்த மருத்துவமனையில் கேட்டீர்கள்?